நாற்பதுக்கு முன்பே எலும்புப்புரை: காரணத்தைத் தேடுவதில் தொடங்கும் ஒரு வழிகாட்டி

எனக்கு அப்போது 36 வயது. ஒரு சனிக்கிழமை காலையில் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி ஸ்டாண்டில் கவிழ்க்கும்போது நடுமுதுகில் சுருக்கென்றது. பிடித்துக்கொண்டது போலிருக்கிறது என்று தைலம் தேய்த்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து மூன்று வாரம் ஓட்டினேன். படுக்கையில் புரண்டு படுக்கக்கூட முடியாமல் போன பிறகுதான் எக்ஸ்ரே எடுத்தேன். ஒரு முள்ளெலும்பு முன்பக்கமாக நசுங்கியிருந்தது. அடுத்து எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். முதுகில் டி ஸ்கோர் மைனஸ் 3.1, அதாவது எலும்பு நன்றாக மெலிந்திருந்தது.

முதலில் பார்த்த இடத்தில் ஐந்து நிமிடத்தில் சீட்டு எழுதித் தந்தார்கள். வாரம் ஒரு அலென்ட்ரோனேட் என்ற எலும்பு மாத்திரை, தினம் ஒரு கால்சியம், வைட்டமின் டி பாக்கெட். எனக்கு மாதவிலக்கு நின்று இரண்டரை வருடம் ஆகிறது என்பதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முதுகுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியாது. இரண்டு மாதம் கழித்து வேறொரு மருத்துவரிடம் போனேன். அவர் ரிப்போர்ட்டைப் பிரிப்பதற்கு முன்பே கேட்டது, "பீரியட்ஸ் ஒழுங்கா வருதாம்மா?" என்றுதான். என் சிகிச்சை உண்மையில் அன்றுதான் தொடங்கியது.

70 வயதுப் பாட்டிக்கு எலும்பு மெலிந்தால் வயதையே காரணமாகச் சொல்லலாம். 25 வயதிலோ 38 வயதிலோ மெலிந்தால் அப்படிச் சொல்ல முடியாது. பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்று பின்னால் இருக்கும். அதைத் தேடாமல் மாத்திரையை மட்டும் விழுங்கினால் ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிக்கிற கதைதான். அதனால் இந்த வழிகாட்டியில் மருந்தைப் பற்றிய பேச்சு பாதியைத் தாண்டித்தான் வரும்.

முதலில் பெயரைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம்

நம் ஊரில் முட்டி வலித்தாலும், கழுத்து வலித்தாலும், இடுப்பு வலித்தாலும் "எலும்பு தேய்மானம்" என்று ஒரே பெயரைச் சொல்லிவிடுகிறோம். முட்டியில் வருவது மூட்டுத் தேய்மானம். எலும்பின் முனையில் இருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு தேய்வதால் வருவது. எலும்புப்புரை வேறு. அதில் எலும்பின் உள்ளே இருக்கும் வலைப்பின்னல் மெலிந்து ஓட்டை பெரிதாகிறது. முறிவு ஏற்படும் வரை வலி இருக்காது. அதனால் "எனக்கு முட்டி வலியே இல்லையே, எப்படி?" என்று குழம்ப வேண்டாம். மூட்டுக்கு விற்கும் மாத்திரைகளும் தைலமும் இதற்கு உதவாது.

எலும்பு செத்த கட்டை இல்லை. பழையதை அரித்து எடுக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் நம் உடலில் நாள் முழுக்க வேலை செய்கின்றன. ஏறக்குறைய 30 வயதுக்குள் கட்டுமானம் உச்சத்தைத் தொடுகிறது. இளம் வயதில் எலும்பு மெலிந்தவர்களுக்கு இரண்டில் ஒன்று நடந்திருக்கும்: அந்த உச்சத்தை அவர்கள் எட்டவே இல்லை, அல்லது எட்டிய பிறகு ஏதோ ஒன்று வேகமாக அரித்துவிட்டது. எனக்கு இரண்டுமே. கல்லூரி நாட்களில் பால், தயிரைத் தொடாமல் ஒல்லியாக இருப்பதே பெருமை என்று இருந்தேன்.

ரிப்போர்ட்டில் எந்த எண்ணைப் பார்ப்பது

டெக்ஸா ரிப்போர்ட்டில் இரண்டு எண்கள் இருக்கும். டி ஸ்கோர் உங்களை உச்ச எலும்பு வலிமையுள்ள இளைஞரோடு ஒப்பிடுகிறது. இசட் ஸ்கோர் உங்கள் வயதும் பாலினமும் உள்ளவரோடு ஒப்பிடுகிறது. டி ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் எலும்புப்புரை என்று உலக சுகாதார நிறுவனக் குழு 1994இல் வகுத்த வரையறை, மாதவிலக்கு நின்ற வயதுப் பெண்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கும், 50 வயதுக்குக் கீழே உள்ள ஆண்களுக்கும் இசட் ஸ்கோரைத்தான் பார்க்க வேண்டும். அது மைனஸ் 2 அல்லது அதற்குக் கீழ் என்றால் "வயதுக்கு எதிர்பார்க்கும் அளவைவிடக் குறைவு" என்று பொருள்.

எண் குறைவாக இருப்பதாலேயே இளம் வயதினருக்கு எலும்புப்புரை என்று முத்திரை குத்தக்கூடாது. லேசான அடியிலேயே, நின்ற உயரத்திலிருந்து விழுந்ததிலேயே எலும்பு முறிந்திருக்க வேண்டும், அல்லது எலும்பை அரிக்கும் நோயோ மருந்தோ இருக்க வேண்டும். குள்ளமாக, ஒல்லியாக இருப்பவர்களின் எலும்பு சிறியது. இந்த ஸ்கேன் பரப்பளவைக் கொண்டு கணக்கிடுவதால், அவர்களுக்கு உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். முறிவும் இல்லை, காரணமும் இல்லை, எண் மட்டும் குறைவு என்றால் மருந்தைத் தொடாமல் கவனித்து வருவதே பல நேரம் சரியான முடிவு.

இன்னொன்று: இலவச முகாம்களில் குதிகாலைச் சின்ன மெஷினில் வைத்துப் பார்ப்பது அல்ட்ராசவுண்ட். அந்த எண்ணை வைத்து நோய் உண்டு என்றோ இல்லை என்றோ முடிவு செய்யக்கூடாது. முதுகுக்கும் இடுப்புக்கும் டெக்ஸா எடுங்கள். கதிர்வீச்சு மிகக் குறைவு, பத்துப் பதினைந்து நிமிட வேலை. அன்று காலை கால்சியம் மாத்திரை வேண்டாம். கூடவே முதுகுக்குப் பக்கவாட்டு எக்ஸ்ரே ஒன்று கேளுங்கள். முள்ளெலும்பு முறிவுகளில் பல வலியே இல்லாமல் நடந்திருக்கும்.

காரணத்தைத் தேடுவது

மருத்துவரைப் பார்ப்பதற்கு முந்தின நாள் ஒரு தாளை எடுத்து உட்காருங்கள். பத்து வருடமாகச் சாப்பிட்ட மருந்துகளை எல்லாம் எழுதுங்கள். பழைய சீட்டுகள் இருந்தால் கொண்டு போங்கள்.

முதலில் ஸ்டீராய்டு. ஆஸ்துமா, முடக்குவாதம், லூபஸ், தோல் நோய் என்று பல காரணங்களுக்கு பிரெட்னிசோலோன் தருவார்கள். நாளுக்கு 2.5 மி.கி. என்ற சின்ன அளவுகூட மூன்று மாதத்துக்கு மேல் போனால் எலும்பைக் கவனிக்க வேண்டும். முதல் சில மாதங்களில்தான் அரிப்பு மிக வேகம். ஸ்டீராய்டை நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து. மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். வழக்கமான அளவில் இழுக்கும் இன்ஹேலரைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அதில் உடலுக்குள் போகும் அளவு மிகக் குறைவு.

இதில் நான் வருத்தத்தோடு சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. வீசிங்குக்கும் மூட்டு வலிக்கும் பெயர் இல்லாத பொட்டலத்தில் பொடி கொடுப்பார்கள், ஒரே நாளில் சுகம் கிடைக்கும். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது நம் நாட்டில் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. முகம் உருண்டையாக ஊதுவதும், வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் விழுவதும் அதன் அடையாளங்கள். அப்படி ஏதாவது சாப்பிட்டிருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். மீதிப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.

வலிப்புக்குச் சாப்பிடும் பெனிட்டாயின், கார்பமசெபைன், தேவைக்கு மேல் போன தைராக்சின், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி, மார்பகப் புற்றுநோய்க்கான சில ஹார்மோன் மருந்துகள், வருடக்கணக்கில் சாப்பிடும் கேஸ் மாத்திரை, இவை எல்லாம் பட்டியலில் வர வேண்டும்.

அப்புறம் மாதவிலக்கு. ஈஸ்ட்ரோஜன்தான் பெண்களின் எலும்புக்குக் காவல். 40 வயதுக்கு முன் மாதவிலக்கு நின்றுபோவது, கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிடுவது, சாப்பாட்டைக் குறைத்து அதிகமாக ஓடி உடல் வற்றி விலக்குத் தள்ளிப்போவது, எல்லாமே அந்தக் காவலை நீக்கிவிடும். "நின்னது நல்லதுதான், தொல்லை விட்டது" என்று என் வீட்டிலேயே சொன்னார்கள். மூன்று மாதத்துக்கு மேல் வராமல் இருந்தால், கர்ப்பம் இல்லை என்று உறுதியான பிறகு, அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தே ஆக வேண்டும். ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவதும் இதே வேலையைச் செய்யும். ஆசை குறைந்தது, தாடி வளர்ச்சி குறைந்தது என்று மருத்துவரிடம் சொல்லக் கூசுகிறார்கள். குடியும் புகையும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

தைராய்டு அதிகமாகச் சுரப்பது, ரத்தத்தில் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பியில் கட்டி, கோதுமைப் பசையம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய், சிறுநீரகக் கோளாறு, பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் நோய், அரிதாக ரத்தப் புற்று வகைகள் என்று பட்டியல் நீளும். இவற்றைப் பிரித்துப் பார்க்க ரத்தத்தில் கால்சியம், பாஸ்பேட், ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., ரத்த அணுக்கள், அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். ஆகியவற்றைப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் பாலின ஹார்மோன்கள், சீலியாக் சோதனை, 24 மணி நேரச் சிறுநீரில் கால்சியம். எனக்குச் சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனான எஃப்.எஸ்.எச். மிக உயர்ந்திருந்தது, அதாவது சினைப்பை வேலை செய்வது குறைந்துவிட்டது. ஒரு மாதம் கழித்து மறுபடியும் பார்த்து உறுதி செய்தார்கள்.

நம் ஊரில் தவறவே விடக்கூடாதது ஒன்று: எலும்பு மென்மை நோய். வெயிலே படாமல் வைட்டமின் டி கடுமையாகக் குறைந்தால் எலும்பில் சுண்ணாம்பு படியாது. அதுவும் டெக்ஸாவில் எலும்புப்புரை போலவே காட்டும். ஆனால் இதில் உடம்பெல்லாம் வலிக்கும், தொடை பலமிழந்து, தரையிலிருந்து எழக் கையை ஊன்ற வேண்டியிருக்கும், ஆல்கலைன் பாஸ்படேஸ் ஏறியிருக்கும். இதற்கு வைத்தியம் வைட்டமின் டியும் கால்சியமும்தான். அதைச் சரிசெய்யாமல் எலும்புப்புரை ஊசி போட்டால் ரத்தத்தில் கால்சியம் திடீரென்று விழுந்து கை கால் இழுக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி போல ஃபுளோரைடு நீர் குடித்து வளர்ந்தவர்கள் அதையும் சொல்லுங்கள். ஃபுளோரைடு ஏறிய எலும்பு ஸ்கேனில் அடர்த்தியாகத் தெரிந்தாலும் தரம் கெட்டிருக்கும்.

யாரிடம் போவது? முறிவுக்கு எலும்பு மருத்துவர் வேண்டும். காரணம் தேட எண்டோகிரைனாலஜிஸ்ட், அதாவது ஹார்மோன் மருத்துவர், நல்லது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இதற்கென்றே துறை இருக்கிறது.

காரணத்துக்கு வைத்தியம்

காரணம் கிடைத்துவிட்டால் பாதி வழி வந்துவிட்டோம். பாராதைராய்டு கட்டியை எடுத்தால் எலும்பு தானே ஏறத் தொடங்கும். தைராக்சின் அளவைச் சரிசெய்தால், சீலியாக் நோயாளி பசையத்தை விட்டால், பட்டினி கிடந்தவர் எடை கூடினால், எலும்பும் பின்னாலேயே வரும்.

எனக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தார்கள். கர்ப்பப்பை இருப்பதால் கூடவே புரோஜெஸ்டிரோன். மாத்திரையாகவும் ஒட்டும் பட்டையாகவும் ஜெல்லாகவும் கிடைக்கிறது. இயல்பாக விலக்கு நிற்கும் வயது வரை, ஏறக்குறைய 50 வரை தொடர வேண்டும். "ஹார்மோன் மாத்திரையா, கேன்சர் வருமே" என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். அந்தப் பயத்துக்கு அடிப்படையான ஆய்வுகள் வயதான பெண்களிடம் நடந்தவை. 36 வயதில் நான் எடுப்பது என் உடலில் இருந்திருக்க வேண்டியதைத் திருப்பிக் கொடுப்பது. மார்பகப் புற்றோ ரத்தக்கட்டோ வந்தவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு வேறு வழி பார்ப்பார்கள்.

கால்சியமும் வைட்டமின் டியும்

பெரியவர்களுக்கு நாளுக்கு 1,000 மி.கி. கால்சியம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2020 பரிந்துரை. ஒரு டம்ளர் பாலில், அதாவது 200 மில்லியில், சுமார் 240 மி.கி. இருக்கிறது. ஒரு கிண்ணம் தயிர் கிட்டத்தட்ட அதே அளவு. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. ஆனால் ஒரு வேளை கூழுக்கோ இரண்டு தோசைக்கோ 50 கிராம் மாவுதான் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, எள்ளுருண்டை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் நல்லவை. பிரண்டைத் துவையல் ருசிக்குச் சாப்பிடுங்கள், அதையே மருந்தாக நம்பி மற்றதை விட்டுவிட வேண்டாம். பருப்பு, முட்டை, மீன், சுண்டல் என்று புரதமும் சேர வேண்டும். எலும்பின் சட்டகமே புரதம்தான்.

சாப்பாட்டில் குறைவதை மட்டும் மாத்திரையில் நிரப்புங்கள். கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு, சிட்ரேட் என்றால் எப்போது வேண்டுமானாலும். ஒரு நேரத்துக்கு 500 மி.கி.க்கு மேல் உடல் சரியாக ஏற்காது. தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்து விழுங்க வேண்டாம்.

வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட்டை வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று எழுதுவது வழக்கம். எட்டு வாரம் முடிந்தும் கடையில் வாங்கி வருடக்கணக்கில் வாராவாரம் சாப்பிடுபவர்களை எனக்குத் தெரியும். அது நஞ்சாகலாம். கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். வெயிலைப் பொறுத்தவரை, காலை ஆறு மணி இளவெயில் மனதுக்கு இதம், வைட்டமின் டிக்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை. பதினோரு மணிக்கு மேல் கையும் காலும் படும்படி கொஞ்ச நேரம் நின்றால் போதும்.

எலும்பு மருந்துகள்

முறிவு ஏற்பட்டிருந்தாலோ, ஸ்டீராய்டைப் போல நிறுத்த முடியாத காரணம் இருந்தாலோ இவை தேவைப்படும்.

எலும்பு அரிப்பைத் தடுக்கும் பிஸ்பாஸ்போனேட் வகையில் அலென்ட்ரோனேட் 70 மி.கி. வாரம் ஒருமுறை. காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் சாதாரணத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், காபிகூடக் குடிக்காமல் இருக்க வேண்டும். தவறினால் உணவுக்குழாய் புண்ணாகும். சோலெட்ரோனிக் அமிலம் 5 மி.கி. வருடம் ஒருமுறை நரம்பில் ஏற்றுவது. முதல் ஊசிக்குப் பின் இரண்டு மூன்று நாள் காய்ச்சல், உடல்வலி வரலாம். அதற்கு முன் வைட்டமின் டி, கால்சியம், கிரியாட்டினின் மூன்றும் பார்த்திருக்க வேண்டும். பல் பிடுங்க வேண்டியிருந்தால் மருந்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போவது அரிது, ஆனால் உண்டு. நீண்ட காலம் எடுப்பவர்களுக்குத் தொடையில் விட்டுவிட்டு வலி வந்தால் உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

டெனோசுமாப் ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி. இதைப் பற்றி ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: அடுத்த ஊசியைத் தள்ளிப்போடவே கூடாது. நிறுத்தினால் அடக்கி வைத்த அரிப்பு மொத்தமும் பாய்ந்து வந்து, பல முள்ளெலும்புகள் ஒரே நேரத்தில் முறியலாம். நிறுத்துவதானால் வேறு மருந்துக்கு மாறித்தான் நிறுத்த வேண்டும். பணம், ஊர் மாற்றம், கர்ப்பத் திட்டம் எல்லாவற்றையும் யோசித்த பிறகே தொடங்குங்கள்.

டெரிபாராடைட் புது எலும்பைக் கட்டும் மருந்து. தினமும் நீங்களே போட்டுக்கொள்ளும் ஊசி, வழக்கமாக இரண்டு வருடம் வரை. வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்கும் எலும்பில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் கூடாது. முடித்த பிறகு கட்டியதைக் காக்க இன்னொரு மருந்து தொடர வேண்டும்.

என் விஷயத்தில் ஹார்மோன் போதும் என்று அலென்ட்ரோனேட்டை நிறுத்தினார்கள். காரணம் தெளிவாக இருந்தது, குழந்தை ஆசையும் விட்டுப்போகவில்லை. உங்களுக்கு முடிவு வேறாக இருக்கலாம்.

குழந்தை பற்றி

பிஸ்பாஸ்போனேட் எலும்பிலேயே வருடக்கணக்கில் தங்கும். அதனால் கல்யாணம் ஆகாதவராக இருந்தாலும், பின்னாளில் குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் முதல் நாளே மருத்துவரிடம் சொல்லுங்கள். டெனோசுமாப் கர்ப்பத்தில் கூடவே கூடாது. தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் எல்லாத் தாய்மார்களுக்கும் எலும்பு கொஞ்சம் குறையும், பால் நிறுத்தியதும் பெரும்பாலும் திரும்பி வரும். அரிதாகச் சிலருக்குக் கடைசி மாதங்களிலோ பிரசவமான புதிதிலோ முதுகெலும்பு முறியும். பிள்ளை பெற்றவளுக்கு முதுகு வலிக்கத்தானே செய்யும் என்று எல்லோரும் சொல்லி, அது கவனிக்கப்படாமல் போகிறது. இருமினாலே உயிர் போகிற வலி என்றால் படம் எடுத்துப் பாருங்கள்.

உடம்பை எப்படி அசைப்பது

முள்ளெலும்பு முறிந்த முதல் சில வாரங்கள் வலிக்கு மருந்து, பெல்ட், கொஞ்சம் ஓய்வு. மாதக்கணக்கில் படுத்துவிடாதீர்கள், படுத்தால் எலும்பு இன்னும் கரையும். கால் மரத்துப்போனாலோ பலமிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வலி அடங்கிய பிறகு வேகநடை, படி ஏறுவது, பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் எடை தூக்குவது. எடையா என்று பயந்தேன். ஒரு கிலோவில் தொடங்கி மெதுவாக ஏறினேன். எலும்பு சுமையைத் தாங்கினால்தான் வளரும். நீச்சல் நல்லது, ஆனால் எலும்புக்கு அதில் சுமை இல்லை.

யோகாவில் கவனம் வேண்டும். பச்சிமோத்தாசனம், ஹலாசனம், சர்வாங்காசனம் போல முதுகை முன்னால் வளைப்பதும் கழுத்தில் பாரம் ஏற்றுவதும் முள்ளெலும்பை நசுக்கும். வேகமாக முறுக்கும் ஆசனங்களும் வேண்டாம். விருட்சாசனம் சுவரோரம் செய்யலாம், சமநிலைக்கு நல்லது. உங்கள் ஆசிரியரிடம் நோயைச் சொல்லிவிடுங்கள்.

வீட்டிலும் வெளியிலும்

குனியும்போது முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கிக் கீழே போங்கள். கோலம் போடக் குனிந்து நிற்பதைவிடச் சின்ன முக்காலியில் உட்காரலாம். தண்ணீர் கேன் எங்கள் வீட்டில் இப்போது தரையிலேயே இருக்கிறது, மேலே கைப்பம்ப் மாட்டியிருக்கிறோம். குடம் நிறையத் தூக்காமல் இரண்டு பாதிக் குடமாகத் தூக்குங்கள். பாத்ரூமில் சோப்புத் தண்ணீர் தேங்காமல் பார்த்து, ஒரு கைப்பிடி பதித்துக்கொள்ளுங்கள்.

பேருந்தில் கடைசி வரிசையில் உட்காராதீர்கள். வேகத்தடையில் பின்சக்கரம் தூக்கிப் போடும் ஒரே குலுக்கலில் நல்ல எலும்புள்ளவர்களுக்கே முதுகு முறிந்திருக்கிறது. ஸ்கூட்டரில் ஒருபக்கமாகக் கால் போட்டு உட்காருவதையும் விட்டுவிட்டேன்.

பார்க்க நன்றாக இருப்பதுதான் இந்த நோயில் இளையவர்களுக்குப் பெரிய கஷ்டம். "இந்த வயசுல உனக்கென்ன?" என்பார்கள். அலுவலகத்தில் பேப்பர் பண்டலைத் தூக்கச் சொன்னபோது முதலில் கூச்சப்பட்டுத் தூக்கினேன். இப்போது "முதுகெலும்பு முறிந்திருக்கிறது, தூக்க முடியாது" என்று நேராகச் சொல்கிறேன். எலும்புப்புரை என்றால் புரியாதவர்களுக்கும் முறிவு என்றால் புரிகிறது. முதல் ஆறு மாதம் தும்மக்கூடப் பயந்தேன். அந்தப் பயத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதுவும் நோயின் பகுதிதான்.

மறுபடி எப்போது பார்ப்பது

டெக்ஸாவை ஒன்று முதல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, முடிந்தவரை அதே மெஷினில் எடுங்கள். மெஷின் மாறினால் எண்களை ஒப்பிட முடியாது. சின்ன ஏற்ற இறக்கம் அளவீட்டுப் பிழையாகவே இருக்கலாம். குறையாமல் நிற்பதே வெற்றிதான். இரண்டு வருடம் கழித்து எனக்கு முதுகில் அடர்த்தி கூடியிருந்தது, இடுப்பில் அப்படியே நின்றது. மருத்துவர் இரண்டையும் நல்ல செய்தியாகவே சொன்னார்.

வீட்டில் செய்ய ஒரு சோதனை இருக்கிறது. செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று, தலைக்கு மேல் ஸ்கேலை வைத்துப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். இரண்டு சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் உயரம் குறைந்தால் எங்கோ ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருக்கலாம், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் கதவுக்குப் பின்னால் மகன் உயரத்தைக் குறிக்கும் கோடுகளுக்குப் பக்கத்திலேயே என் கோடுகளும் இருக்கின்றன. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வருபவரிடம் அந்த ஓரத்தை மட்டும் விட்டுவிடச் சொல்கிறேன்.